நிம்ரத்தின் நடைச் சத்தம்

மோர் கடையும் இரைச்சலையும் மீறி அன்று காலையும் அந்தச் சத்தம் கேட்டது. டக்... டக்... காலில் இரும்புப் பட்டை கட்டிய குழந்தை வீட்டு நடையில் ஊன்றி ஊன்றி வரும் சத்தம். சத்விந்தர் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் நிம்ரத் இறந்து வருஷங்களாகியும் விடிந்தால் இப்படித்தான். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

ஜலந்தர் பக்கத்து அந்த வீட்டின் கூடத்தில், கனடாவுக்கு லாரி ஓட்டப் போகத் தற்காலிக வேலை விசாவுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான் கணவன் பல்கார்.

"முன்னாடி எப்பவாவது விசா மறுத்திருக்காங்களான்னு கேக்குறான். இல்லன்னு போட்டுடறேன். அந்தப் பழைய விண்ணப்பத்தை நாமதானே வாபஸ் வாங்கினோம்!"

"நாமளா? உன் பொண்டாட்டின்னு சொல்லுடா!" ரொட்டி தட்டிக்கொண்டே பொருமினாள் மாமியார் பீஜி. "இவ நர்ஸ் படிப்புக்கு அன்னைக்கே குடும்பத்தோட கனடா போயிருக்கணும். பயமா இருக்குன்னு கெடுத்தாளே, மகராசி!"

எத்தனை காலையாக இந்த ஏச்சு! எல்லாவற்றையும் விழுங்கிய சத்விந்தர், இன்று மத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இல்லன்னு போடாதீங்க! பொய்னு தெரிஞ்சா உங்களை உள்ளயே விடமாட்டாங்க... நான் வாபஸ் வாங்கல. அவங்கதான் மறுத்தாங்க. கடுதாசி என் பேருக்கு வந்ததால மறைச்சுட்டேன்."

"என்ன சொல்ற? எதுக்கு மறுத்தான்?"

"நிம்ரத்துக்காக... அவ காலுக்கு வைத்தியம் பார்த்தா அரசாங்கத்துக்குச் செலவு தாங்காதுன்னு எல்லாரையுமே வேணாம்னுட்டான்."

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. பல்காரின் முகம் வெளுத்தது.

"அப்பவே சொல்றதுக்கென்னடி?" என்றாள் பீஜி.

"சொல்லியிருந்தா? இந்த நொண்டியாலதான் எல்லாம் போச்சுன்னு அவ காதுபடப் பேசியிருக்க மாட்டீங்களா பீஜி? அந்தத் திட்டை நானே வாங்கிக்கிட்டேன்... கண்ண மூடுற வரைக்கும் எம்பொண்ணு ஒரு சொல்லு கேக்கல. எனக்கு அது போதும்!"

கல்லில் ரொட்டி கருகியது. பேசியிருப்போம் என்று பீஜிக்கே தெரியும். எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

"நான் பாவிடி... அதான் தினம் காலையில வந்து நிக்கிறா."

சத்விந்தருக்கு உடம்பு சிலிர்த்தது. "உங்களுக்கும் கேக்குதா?"

"அவ போன நாள்லேருந்து... என்னைக் கேள்வி கேக்க வர்றான்னு பயந்துகிட்டே கெடக்கேன்."

பல்கார் 'ஆம்' என்று குறித்தான். காரணம் கேட்ட இடத்தில் மகளின் பெயரை எழுதும்போது வாய்விட்டு அழுதான்.

டக்... டக்... சத்தம் நிலைப்படி வரை வந்து நின்றது. இந்த முறை மூவருமே திரும்பினார்கள். மாவு ஒட்டிய கையை நீட்டினாள் பீஜி.

"உள்ள வாடி என் கண்ணு... உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."