கண்கட்டுத் துண்டு

விடிந்ததும் லாயத்துக் கதவைத் திறந்த சவரிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நேற்றுவரை ஆளைக் கண்டாலே பின்னங்காலைத் தூக்கிய செவலைக் குதிரை, யாரோ நெற்றியைத் தடவிக் கொடுத்ததுபோல அரைக்கண் மூடித் தலையைத் தாழ்த்தி நின்றது. அப்புறம்தான் அதன் பிடரியைத் தொட்டான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. பாசி வாடை வேறு குப்பென்று அடித்தது.

"காலங்காத்தால லாயத்துல யாரோட பேசிக்கிட்டு இருந்தீங்க?" ஊறவைத்த கொள்ளோடு வந்த மனைவி இன்னாசியம்மாள் கேட்டாள்.

"நான் இப்பதான எந்திரிச்சி வரேன்?"

"உங்க குரல்தாங்க. வூட்டுக்குள்ளாற வரைக்கும் கேட்டுச்சே. 'பயப்படாத, நான் இருக்கேன்'னு குதிரைகிட்ட நீங்க சொல்றது எனக்குத் தெரியாதா?"

சவரி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பென்னாகரம் வட்டாரத்தில் முரட்டுக் குதிரையை வண்டிக்குப் பழக்க வேண்டுமானால் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். அடி உதை கிடையாது. ஒரு வாரம் தோளில் போட்டு வேர்வை ஊறிய துண்டால் குதிரையின் கண்ணைக் கட்டுவான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, நான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே மேடு பள்ளமெல்லாம் நடத்துவான். கண் தெரியாமல் அவன் குரலை மட்டும் நம்பிக் கால் வைத்துவிட்டால் போதும், அந்தக் குதிரை ஆயுசுக்கும் அவன் சொன்னதைக் கேட்கும்.

ராணி அப்படித்தான் நம்பியது. பன்னிரண்டு வருஷம் அவன் வண்டியை இழுத்த வெள்ளைக் குதிரை. எண்பத்து மூன்றில் மனிதருக்கே கஞ்சி கிடைக்காத பஞ்சம்; அதற்கோ முன்னங்கால் நொண்டி. ஒரு சாயங்காலம் அதே துண்டால் கண்ணைக் கட்டி, அதே வார்த்தையைச் சொல்லி, கரட்டுக் குன்றோரம் இருந்த பாழுங்கிணற்று விளிம்புவரை கூட்டிப்போய் விலகிக்கொண்டான். ராணி தயங்கவே இல்லை; கட்டிய துண்டோடு உள்ளே போனது. குதிரை காட்டுக்குள் ஓடிவிட்டதென்று இன்னாசியம்மாளிடம் சொன்னான். இரண்டு வருஷமாக மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம்கூட வாய் திறக்கவில்லை, பாவி.

நாளைக்கு வண்டிக்கார மாரப்பன் செவலையை ஓட்டிப்போக வருகிறார். அதற்குள் ஒருமுறையாவது கண்ணைக் கட்டி நடத்தியாக வேண்டும். இல்லையென்றால் இத்தனை நாள் சேர்த்த பெயர் போய்விடும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொழுது சாய்கிற நேரத்தில் துண்டை எடுத்தான்.

செவலை முரண்டு பிடிக்கவில்லை. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கிணற்றுக்கு எதிர்த்திசையில், ரோட்டுப் பக்கமாக நடத்தினான். காய்ந்த சோளத்தட்டை காற்றில் சரசரத்தது, தூரத்தில் ஒகேனக்கல் பஸ் உறுமிக்கொண்டு போனது, கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அந்த மௌனத்தில்தான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். டக். அப்புறம் ஒரு இழுப்பு.

கல்லில் லாடம் படுகிற சத்தம்.

செவலைக்கு இன்னும் லாடமே அடிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. புழுதி மட்டும் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"ஓ... நில்லு, நில்லு!"

செவலை நிற்கவில்லை. கண் கட்டியிருந்தும் ஒரு கல்லில்கூட இடறாமல், வழியை விட்டுத் திரும்பித் தரிசில் இறங்கியது. கரட்டை நோக்கி. சவரி குதிகாலை ஊன்றினான். செருப்பு பிய்ந்தது. மணிக்கட்டில் கயிறு இறுகியது. அவிழவில்லை.

"இன்னாசி! ஏ இன்னாசி!"

காற்று அந்தக் குரலை வேறு பக்கம் கொண்டுபோனது.

பாசி வாடை. டக். டக். டக். இழுப்பு. முதுகுக்குப் பக்கத்தில்.

செவலை நின்றது. கயிறு தளர்ந்தது. தப்பித்தோம் என்று அவன் மூச்சு விடுவதற்குள் ஈரமான ஏதோ ஒன்று கண்மேல் விழுந்தது. துணி. பழைய துணி. பின்மண்டையில் முடிச்சு இறுகியது. அவன் போடுகிற அதே இரட்டை முடிச்சு. இழுத்தான். பிய்த்தான். நகம்தான் பெயர்ந்தது.

பிடரியில் சில்லென்று மூச்சுக்காற்று. ஒரு மூக்கு முதுகில் மெல்ல முட்டியது. அடிக்கவில்லை. உதைக்கவில்லை. பொறுமையாக, ஒவ்வொரு அடியாக, முன்னால் தள்ளியது.

காலடியில் சின்னக் கல் ஒன்று உருண்டது. அது தண்ணீரில் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கழித்துக் கேட்டது.

"பயப்படாத," காதோரம் அவன் குரலே சொன்னது. "நான் இருக்கேன்."

சவரியின் வலதுகால், அவன் வேண்டாம் வேண்டாமென்று கதறக் கதற, அந்தக் குரலை நம்பி முன்னால் நீண்டது. பெருவிரல் தரையைத் தேடித் துழாவிக்கொண்டே இருந்தது.