இடையூறு

அன்று காலை நாய் குரைக்கவில்லை என்பது, நான்கு பக்கம் எழுதி முடித்த பிறகுதான் சுதாராணிக்கு உறைத்தது.

பங்களாவுக்கு வந்த பத்தொன்பது நாட்களில், விடிந்ததும் சில்வர் ஓக் மரங்களில் தாவும் குரங்குகளைப் பார்த்து அது குரைக்காத நாளே கிடையாது. அந்தக் குரைப்பு கூரை ஓடுகளில் மோதி, மரத்தளம் அதிர, நேராக அவள் வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். முந்தின நாள்கூடப் பேனாவை மேசைமேல் எறிந்துவிட்டு, “இது வாயை யாராவது மூடித் தொலைச்சா என்ன” என்று வாய்விட்டே சொல்லியிருந்தாள். இப்போது சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் மட்டும் இருந்தது. காப்பி இலைகளின் நுனியிலிருந்து நீர் சொட்டியது. குரங்குகள்கூடக் கத்தவில்லை.

ஆத்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை அவளுக்கு. பதினாறு வருடமாகச் சமைத்து, துவைத்து, மகள் கீர்த்திகாவைத் தூங்கவைத்து, மிச்சமிருந்த அரைமணி நேரங்களில் எழுதியவள். கணவன் இறந்த பிறகு அந்த அரைமணியும் போயிற்று. ஒரு நூற்பாலைக் குடும்பத்தின் அறக்கட்டளை எழுத்தாளர்களுக்கு உறைவிட நல்கை தருகிறது என்று யாரோ சொல்லி விண்ணப்பித்தாள். ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகும் வழியில் உள்ள பழைய எஸ்டேட் பங்களாவில் ஆறு மாதம் தங்க வேண்டும். முழுநேரமும் எழுத வேண்டும். மற்ற எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேர்வான கடிதம் வந்த அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பிளஸ் ஒன் படிக்கும் மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு மலையேறினாள்.

பதினொரு மணிக்கு வெளியே வந்தபோது, காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்தில் ஈவ்லின் நின்றிருந்தாள். பங்களாவைப் பார்த்துக்கொண்டு சமையலும் செய்யும் ஐம்பது வயதுப் பெண். அவள் காலடியில் நாய் கிடந்தது. வயிறு தரையில் படிந்திருந்தது. முகம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சிறுத்தைங்க மேடம்” என்றாள் ஈவ்லின், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ரத்தம் இல்லை. பல் பட்ட தடமும் இல்லை. வாயைச் சுற்றியிருந்த மயிர் மட்டும் அழுந்திக் கிடந்தது, வெகுநேரம் யாரோ இறுக்கிப் பிடித்திருந்ததுபோல.

“சிறுத்தை இப்படியா செய்யும்?”

“நீங்க உள்ள போயி எழுதுங்க. இங்க நின்னுட்டே இருக்காதீங்க.”

அன்று அவள் பதினொரு பக்கம் எழுதினாள். வாழ்நாளில் ஒரே நாளில் அவ்வளவு எழுதியதில்லை. படித்துப் பார்த்தபோது நன்றாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாற்காலிக்குப் பின்னால் மரப்பலகை கிறீச்சிடுவதைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவள் எழுதும்போது மட்டும் கேட்கும். நடந்துவரும் ஒலி அல்ல அது. ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றிருக்கும் ஒருவர் கால் மாற்றிக்கொள்ளும் ஒலி. கூடவே ஒரு வாடை வரும். எஸ்டேட் காப்பி ஆலைக்குப் பின்னால் கொட்டி வைத்த காப்பிப்பழத் தோல் மழையில் ஊறிப் புளிக்கும் வாடை. பிடரியில் ஈரமான குளிர் படியும். திரும்பினால் அலமாரி, கம்பளி, மூடிய கதவு. பேனாவை வைத்துவிட்டால் பலகையும் அடங்கிவிடும். மறுபடி எடுத்தால், கிறீச். மலைவீடு, மரம் ஈரத்தில் உப்பியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பக்கங்கள் சேர்ந்துகொண்டே போயின.

காலை ஏழரைக்கு மாதப்பன் மொபெட்டில் பால் கொண்டுவருவார். வளைவிலேயே ஹாரனை அழுத்தத் தொடங்கினால் வாசலுக்கு வந்துதான் விடுவார். வெள்ளிக்கிழமை ஈவ்லின் குளித்துக்கொண்டிருந்ததால் சுதாராணியே பாத்திரத்தோடு போக வேண்டியிருந்தது.

“ஏனுங்க அம்மணி, ரைட்டர்னு சொன்னாங்க. எஸ்டேட்ல ஆளுப்பேரு எழுதற ரைட்டருங்களா?”

“இல்லீங்க. கதை எழுதறேன்.”

“கதைங்களா! அட, அதுக்கா இத்தன பெரிய ஊடு?” அவர் சிரித்தார். பிறகு தன் மகளைப் பற்றி, மாரமங்கலத்தில் மிளகு விலை பற்றி, காட்டெருமை பற்றி என்று கால்மணி நேரம் பேசினார். நல்ல மனிதர். ஆனால் அவள் மனதில் காலையில் எழுந்ததும் வந்த ஒரு வரி கரைந்துகொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே வந்தபோது வரி போய்விட்டிருந்தது.

நாற்காலிக்குப் பின்னால் பலகை ஒருமுறை கிறீச்சிட்டது. பேனாவை அவள் இன்னும் தொடக்கூட இல்லை.

சனிக்கிழமை ஹாரன் வளைவில் ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் அறுந்துபோனது.

அவள் ஓடினாள். பனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மொபெட் சரிந்து கிடக்க, முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தார்ச்சாலையில் பால் ஓடி, சிவப்போடு கலந்து, ஓரத்துப் புல்லில் இறங்கிக்கொண்டிருந்தது. மாதப்பன் மதகுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன, உயிர் இருந்தது. தாடை காதுவரை பிளந்து தொங்கியது. வண்டியிலிருந்து வயரோடு பிய்க்கப்பட்ட ஹாரன் அவர் வாய்க்குள் இருந்தது. பற்கள் சட்டைமேல் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையிலிருந்து ஒரு சின்ன ஒலி வந்தது.

எஸ்டேட் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. காட்டெருமை முட்டியிருக்கும் என்றார் டிரைவர். ஹாரனைப் பார்த்ததும் அவசரமாக வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் சுதாராணி பெட்டியை எடுத்துத் துணிகளைத் திணித்தாள். ஈவ்லின் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியும்தானே ஈவ்லின்க்கா?”

ஈவ்லின் முந்தானைக்குள் மறைத்தே வைத்திருக்கும் வலது கையை நீட்டினாள். நான்கு விரல் முட்டிகளும் உடைந்து, கோணலாகக் கூடியிருந்தன.

“போன ரைட்டரு எழுதிட்டிருந்தப்ப காப்பி கொண்டுபோயிக் கதவத் தட்டுனேனுங்க. ஒருக்காத்தான் தட்டுனேன்.”

“யாரு செஞ்சது?”

“ஆளு யாரும் இல்லீங்களே மேடம். எனக்குக் கண்ணுல ஒன்னும் தெரியலிங்க. கை மட்டும் கதவோட சேர்ந்து நசுங்குச்சு.” அவள் குரல் இறங்கியது. “எழுதறவங்கள அது ஒன்னும் பண்ணாதுங்க. குறுக்க வர்றவங்களத்தான். எனக்குப் பொழைக்க வேற வேல இல்லீங்க. அதனால சத்தமில்லாம இருந்து பழகிட்டேன்.”

சன்னல் விளிம்பில் வைத்திருந்த கைபேசி அப்போது ஒலித்தது. அந்த வீட்டில் அங்கே மட்டும்தான், அதுவும் எப்போதாவதுதான், சிக்னல் கிடைக்கும். கீர்த்திகா அனுப்பியிருந்தாள்.

‘ம்மா சர்ப்ரைஸ்!! சேலத்துல ஏற்காடு பஸ் ஏறிட்டேன். உன் ரூமுக்கே வந்து கதவத் தட்டப் போறேன். ரெண்டு நாள் உன்ன எழுதவே விடமாட்டேன் பாரு 😄’

அனுப்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழைத்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்.

பின்னால் பலகை கிறீச்சிட்டது.

அவள் கைபேசியோடு வாசலுக்கு ஓடினாள். மகளை வழியிலேயே பிடித்து அப்படியே இறங்கிவிடலாம். கேட்டைத் தாண்டி இருபதடி போயிருப்பாள். வலப்பக்கம் காப்பிச் செடிகள் ஒடிந்தன. நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். அவள் வேகத்துக்கே கிளைகள் ஒடிந்துகொண்டு வந்தன. புளித்த வாடை பனியோடு சாலைக்கு இறங்கியது. மகள் இருக்கும் இடத்துக்குத் தானே அதை அழைத்துக்கொண்டு போகிறோம் என்று புரிந்ததும் அவள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஈவ்லின்தான் வந்து தூக்கினாள். அந்த முட்டி உடைந்த கையாலேயே.

“நீங்க மேசைக்குப் போங்க. நான் பஸ் நிக்கிற எடத்துல நின்னு, புள்ளைய எங்க தங்கச்சி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேனுங்க. நீங்க எழுதற வரைக்கும் அது உங்க பின்னாலதான் நிக்கும். என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க சாமி.”

அதுவரை மேடம் என்றே சொல்லிவந்தவள் சாமி என்றாள். சுதாராணி எழுந்து வீட்டுக்கு ஓடி, வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எழுதினாள். மலை. மழை. மகள். மூன்று சொற்கள். பேனா முனை தாளைக் கிழித்தது. பின்னால் பலகை கிறீச்சிட்டது, ஒரு அடி நெருங்கி. மறுபடி மழை என்று எழுதினாள். அடித்தாள். மனதில் கீர்த்திகாவின் விரல்கள்தான் தெரிந்தன. சின்ன வயதில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த விரல்கள். மாதப்பனின் பற்கள். பிடரியில் குளிர் பட்டது. யாரோ குனிந்து அவள் தாளைப் படிக்கும் அளவுக்கு அருகில்.

எழுத்து வரவில்லை. இனி வராது. பனியில் ஈவ்லின் பெண்ணைத் தவறவிட்டால்?

எழுதுகிற கையே இல்லையென்றால் இடையூறு என்று ஒன்று எப்படி இருக்கும்?

அந்த நினைப்பு வந்த கணத்திலேயே எழுந்துவிட்டாள். யோசித்தால் முடியாது. சமையலறை. தரையில் அம்மி. வலது கையை அதன்மேல் விரித்து வைத்தாள். இடது கையால் குழவியை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினாள். கனத்தது.

இறக்கினாள்.

முதல் அடியில் சத்தம் மட்டும் கேட்டது. பச்சை மூங்கில் ஒடியும் சத்தம். இரண்டாவதில் வலி வந்தது. கண் இருண்டது. மூன்றாவதை எப்படி அடித்தாள் என்று தெரியவில்லை. ஆள்காட்டி விரல் பின்பக்கமாக மடிந்து கிடந்தது. அம்மியின் கொத்துக் குழிகளில் ரத்தம் நிறைந்தது.

அமைதி.

வாடை இல்லை. கூரையில் நீர் சொட்டும் ஒலி மட்டும். சுவரில் சாய்ந்து, கையை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். முடிந்தது. கண்ணு, முடிந்தது.

அப்போது அவள் வலது மணிக்கட்டில் தோல் உள்ளே அமுங்கியது. ஒரு குழி. இன்னொன்று. ஐந்து குழிகள்.

இழுத்தது. தரையோடு, கூடத்தைக் கடந்து, எழுதும் அறைக்கு. தோள் மூட்டு கழன்றது. நாற்காலியில் தூக்கிப் போட்டது. நசுங்கிய கை மேசைக்கு எழும்பியது. பிறகு விரல்களை நிமிர்த்தத் தொடங்கியது.

ஒவ்வொன்றாக. பொறுமையாக.

எலும்பு எலும்பில் உரசியது. அவள் அலறினாள். ஆள்காட்டி விரல் முன்பக்கம் திரும்பியது. நடுவிரல். கட்டைவிரல். பேனாவைச் சுற்றி மூன்றையும் மடக்கி இறுக்கியது. கை தாள்மேல் நகர்ந்தது. மலை, என்று எழுதியது. ரத்தத்திலும் மையிலும். அவளுடைய கையெழுத்துத்தான். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. பின்னால், திருப்தியாக, கால் மாற்றும் ஒலி.

எழுதட்டும். அவள் உதட்டைக் கடித்து அலறலை விழுங்கினாள். எழுதிக்கொண்டே இருக்கட்டும். இங்கேயே இருக்கட்டும்.

வெளியே கேட் திறந்தது.

“ம்மா! பஸ்ஸ்டாப்புல ஒரே பனி, யாருமே இல்ல. நானே நடந்து வந்துட்டேன்!”

கை நின்றது.

“ம்மா?”

மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. ஐந்து குழிகளும் மெல்ல நிரம்பின. பேனா உருண்டு தரையில் விழுந்தது. பலகை கிறீச்சிட்டது. அவள் பக்கத்தில். அவளைத் தாண்டி. கூடத்தில்.

“ஓடு கண்ணு! ஓடு!”

எழுந்து ஓடியவள் தன் ரத்தத்திலேயே கால் வழுக்கிக் கூடத்தின் வாசலில் விழுந்தாள். வாசற்கதவில் தட்டு விழுந்தது. ஒன்று. இரண்டு. தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு விரிந்தது.

பனிக்கு முன்னால் கீர்த்திகா நின்றிருந்தாள். தோளில் பை, நனைந்த முடி, அம்மாவைக் கண்ட சிரிப்பு. மூன்றாவது தடவை தட்ட ஓங்கிய கை மட்டும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. சிரிப்பு மாறாமல் அவள் தன் கையை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மெல்லிய மணிக்கட்டில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.