வாசல் வரையாத குகை

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தைத் திறக்க அமராவதி டீச்சருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவருக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாது. புக்கிட் ரோத்தான் ஊருக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் படம் பார்த்துக் கதை எழுதும் பாடம். துணைக்கு ஆறு வயது மகள் நவமணியும் வந்திருந்தாள்.

தோட்டத்துப் பழைய துரை பங்களாவை இடித்தபோது கிடைத்த ஆங்கிலச் சாகசக் கதைப் புத்தகம் மேசையில் கிடந்தது. படமெல்லாம் செதுக்கி அச்சிட்ட கறுப்புக் கோடுகள். ஒரு படத்தில், குகைக்குள் கனத்த பூட்ஸ் போட்ட நான்கு சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் குகை வாசல்.

டீச்சர் மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைப் படத்தின்மேல் வைத்து, ஊசிமுனையால் கீறி எடுத்தார். சிறுவர்களை முடித்து வாசலுக்கு வந்ததும் சலித்துவிட்டது. வெளிச்சத்தைக் காட்ட மயிரிழை மயிரிழையாக நூறு கோடு. அத்தனையும் கீறினால் தாள் கிழிந்துவிடும்.

“வாசல் இல்லாட்டியும் குகை குகைதான்” என்று அங்கேயும் பாறையை வரைந்து மூடிவிட்டார்.

கையால் சுற்றிப் படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஸ்டென்சிலை மாட்டிச் சுற்றினார். விழுந்த தாள்களை நவமணி அடுக்கினாள்.

“அம்மா, இதுல எந்திரிச்சு நிக்கிறாங்க.”

“மை இழுத்திருக்கும்லா. பேசாம அடுக்கு.”

“இதுல பாறையத் தடவுறாங்கம்மா.”

டீச்சர் வாங்கிப் பார்த்தார். நான்கு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் மூடிய இடத்தில் கை வைத்து நின்றார்கள்.

அடுத்த தாள் முழுக்கக் கறுப்பு.

அறையில் ஈர மண் வாடை எழுந்தது. சாலையில் ஓடிய லோரிச் சத்தம் சட்டென்று நின்றது. டீச்சர் திரும்பினார்.

கதவு இருந்த இடத்தில் சுவர்.

சன்னல் இருந்த இடத்திலும் சுவர்.

பிறகு கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“அம்மா, இருட்டா இருக்கு.”

“பயப்படாத கண்ணு. அம்மா பக்கத்துலயே நில்லு.”

யாரோ மூச்சு விட்டார்கள். ஒருவர் இல்லை, பலர்.

எப்படியாவது பிள்ளையை வெளியே கொண்டுபோக வேண்டும். வாசலை மூடியது தன் கைதான் என்பது அப்போது உறைத்தது. தட்டுத் தடவி இயந்திரத்தைப் பிடித்தார். ஸ்டென்சிலில் பாறை இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகத் தேடி, நகத்தாலேயே அழுத்திப் பெரிய வளைவாகக் கீறினார். மை முழங்கை வரை வழிந்தது. கைப்பிடியைச் சுற்றினார். ஒரு தாள் விழுந்தது.

சுவரில் வெளிச்சம் பிளந்தது.

பக்கத்தில் நின்ற சின்னக் கையை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

திடலில் வெயில் காய்ந்தது. டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “தப்பிச்சிட்டோம் கண்ணு, தப்பிச்சிட்டோம்” என்று அந்தக் கையை எடுத்து முத்தமிட்டார்.

கை சில்லென்று இருந்தது.

புறங்கை முழுதும், புத்தகப் படத்தில் இருந்ததுபோலவே மயிரிழையாகக் கறுப்புக் கோடுகள்.

தலையை உயர்த்திப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். மறுபடியும் வெறும் சுவர். கையை உதறினார். அது விடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் கேட்டது.

“அம்மா, யாரைக் கூட்டிட்டுப் போற?”