திறந்தவன்தான் மூட வேண்டும்

பூட்டிய அலமாரிக்குள், மடக்கி வைத்த கத்தி விரிந்து கிடந்தது.

கத்திக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பார்சல் கிடங்கில் அவருக்கு அதுதான் பெயர். பாக்கெட்டில் கத்தி இல்லாமல் வேலைக்கு வந்த நாளே கிடையாது, வாயைத் திறந்தாலும் கத்திதான் என்று கூட வேலை செய்கிறவர்கள் ஓட்டுவார்கள். வீட்டில் ஓர் அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். மடக்குக் கத்திகள், உறையோடு இடுப்பில் மாட்டுகிற நேர்கத்திகள், பெட்டி கீற ஒன்று, கயிறு அறுக்க ஒன்று, பழம் நறுக்க ஒன்று. எல்லாவற்றுக்கும் பச்சைத் துணி விரித்த படுக்கை. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை என்பது மனைவியின் புலம்பல்.

"அலமாரியைத் தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க!" மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "சாவி உங்க இடுப்புலதானே தொங்குது? அந்தக் கருமத்தை எப்படித் திறக்குறதுன்னே எனக்குத் தெரியாது."

அதுவும் நியாயம்தான். அந்தக் கத்தியை அவராலேயே சட்டென்று திறக்க முடியாது. இடக்கைக்காரனுக்கென்று செய்தது, பூட்டை இடது கட்டைவிரலால்தான் தள்ள வரும். கையில் எடுத்தார். அலகு புதிதாகத் துடைத்ததுபோல் பளபளத்தது, கிராம்பு எண்ணெய் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அவர் எல்லாக் கத்திக்கும் தையல் மெஷின் எண்ணெய்தான் போடுவார். கிராம்பு எண்ணெய் போடுகிறவன் ஒருவன்தான் இருந்தான். அவனை எரித்தாகிவிட்டது.

கிடங்கில் அவனைப் பீச்சாங்கை என்று கூப்பிடுவார்கள். கத்திப் பைத்தியத்தில் இவருக்குத் தம்பி. இந்தக் கத்தியை விற்க இருந்த கடைக்காரர் இவருக்குத்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். பீச்சாங்கை ஒரு நாள் முந்திக்கொண்டு போய், கூடக் கொடுத்து வாங்கி வந்துவிட்டான். "இடக்கைக்குச் செஞ்சதுண்ணே, உங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தான். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு இவர் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது, ஜீரணமாகவே இல்லை.

பீச்சாங்கைக்கு ஒரு வழக்கம் உண்டு. கத்தியைத் திறந்தவன்தான் மூட வேண்டும். விரித்துக் கொடுத்தால் விரித்தபடியே வாங்குவான். வேறொருவன் மூடினால் உறவு அறுந்துவிடும் என்பான்.

அன்றைக்கும் அவன்தான் திறந்தான். பெட்டியின் பட்டையை அறுத்துவிட்டு, "எப்படிப் பதம் புடிச்சிருக்கேன் பாருங்கண்ணே" என்று விரித்தபடி நீட்டினான். இவர் கூர்மையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பார்சல்களை நகர்த்துகிற பெல்ட்டுக்கு அடியில் விழுந்த பொட்டலத்தை எடுக்க அவன் குனிந்தான். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையின் நைலான் பட்டை உருளையில் சுற்றிக்கொண்டது.

"அண்ணே! அறுங்கண்ணே!"

நிறுத்துகிற ஸ்விட்ச் கிடங்கின் மறுகோடியில் இருந்தது. கத்தி கையில் இருந்தது, விரிந்தபடி. ஒரே இழுப்பு போதும். கத்திக்காரர் கத்தியைப் பார்த்தார். அதன் கனம் உள்ளங்கையில் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தார். அப்புறம் அதை மூடினார்.

க்ளிக்.

அவ்வளவு இரைச்சலிலும் பீச்சாங்கைக்கு அது கேட்டது. பிதுங்கிய கண்கள் இவர் கைப்பக்கம் திரும்பின. இவர் பிடியைச் சட்டையில் துடைத்து, கத்தியைத் தன் கத்தி இல்லாத பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் கத்தினார்: "ஐயோ, யாராவது ஒரு கத்தி கொண்டாங்களேன்!"

தன் கத்தியை அன்று பார்த்து வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பாவம் மனுஷன் என்று ஊரே பரிதாபப்பட்டது.

விரிந்து கிடந்ததை இப்போது மூடி, நூலால் இறுக்கிச் சுற்றி உள்ளே வைத்தார். காலையில் நூல் துண்டு துண்டாகக் கிடந்தது, கத்தி விரிந்திருந்தது. மின்கம்பியைச் சுற்றினார். கம்பியும் அறுந்தது. அடுத்த நாள் பச்சைத் துணியில் நீளமாக ஒரு கீறல், இடக்கைக்காரன் இழுத்ததுபோல் வலமிருந்து இடமாக. கத்தியை வெளியே எறிந்துவிடலாம்தான். ஆனால் கையில் எடுத்தால் மனசு வரவில்லை.

சனிக்கிழமை பீச்சாங்கையின் மனைவி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அவரு கத்தி மட்டும் கிடைக்கலண்ணே. அது இல்லாம அவரு வாசப்படி தாண்டினதில்ல. மேனேஜர்கிட்ட சண்டை போட்டுட்டு வர்றேன். நாளன்னிக்கு பெல்ட்டைப் பிரிச்சுப் பாக்குறாங்களாம்."

"உள்ளதான்மா விழுந்திருக்கும்."

"விழுந்திருந்தா சரி." அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லன்னா, யாரு எடுத்தாங்களோ அவங்களை நான் சும்மா விடமாட்டேன்."

அவள் போன பிறகும் அந்தப் பார்வை அறையிலேயே நின்றது. பெல்ட்டுக்கு அடியில் கத்தி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தேடல் இந்த வீட்டு வாசலுக்குத்தான் வரும். கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஞாயிறு சாயங்காலம் கிளம்பினார். போட்டிருந்த சட்டைக்கு ஒரே பாக்கெட், அதில் இரண்டு கத்தி இருந்தால் உரசிக் கீறல் விழும். உயிரே போனாலும் அதை மட்டும் அவர் செய்யமாட்டார். அதனால் தன் கத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பீச்சாங்கையுடையதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"லீவு நாள்ல என்ன சார்?" என்றார் வாட்ச்மேன்.

"தண்ணி பாட்டிலை விட்டுட்டேன்பா."

"அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போங்க. கேமராவுல பாத்தா எனக்குத்தான் திட்டு."

மாட்டிக்கொண்டு போனார். ஆள் இல்லாத கிடங்கில் தன் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே மங்கிய வெளிச்சம் ஒழுகியது. அட்டைத் தூசி, மசகு, பழைய ரப்பர் என்று எல்லா வாசனையும் அன்றைக்குப் போலவே இருந்தது. பெல்ட் அசையாமல் கிடந்தது. மண்டியிட்டு, மடக்கிய கத்தியை உருளைக்கு அடியில் வைத்து, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளக் குனிந்தார்.

கிராம்பு வாசனை.

மறுகோடியில் எதுவோ 'டொக்' என்றது. மோட்டார் உறுமியது. பெல்ட் ஒரு வெட்டு வெட்டி நகர்ந்தது.

கழுத்துப் பட்டை உருளையில் சுற்றி இறுகியது. கன்னம் ரப்பரில் தேய்ந்தது. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. காலி. கத்த வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

அடியில், இருட்டில், கத்தி விரிகிற சத்தம்.

பிறகு ஒரு கை வந்தது. இடது கை. நகக்கண்ணில் மசகு அழுக்கு. விரித்த கத்தியோடு அவர் கழுத்தை நோக்கி வந்தது, பதறாமல்.

"தம்பி... அறுடா... அறுடா தம்பி..." வெறும் மூச்சாகத்தான் வந்தது.

அலகு பட்டையைத் தொட்டது. ஓர் இழை அறுந்தது. நின்றது.

மெதுவாகப் பின்வாங்கியது. இடது கட்டைவிரல் பூட்டைத் தள்ளியது. திறந்தவன்தானே மூட வேண்டும்.

க்ளிக்.

அந்தக் கை, பிடியைச் சட்டையில் துடைத்தது. கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது. அதன் பிறகுதான் இருட்டிலிருந்து குரல் வந்தது, அவசரமே இல்லாமல், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஐயோ, யாராவது ஒரு கத்தி கொண்டாங்களேன்."