மூச்சைப் பிடித்தவர்கள்

வாரத்தில் ஆறு நாள் மனிதர்களின் உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கிறவர், ஏழாவது நாள் வீட்டில் படுத்துத் தூங்கலாம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரருக்கு அந்தப் புத்தி கிடையாது. ஞாயிறு வந்தால் கேமராவையும் மனைவியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, வீட்டிலிருந்து அரை மணி நேர தூரத்துக்குள் எது இடிந்து கிடக்கிறதோ அங்கே போய்விடுவார். பழைய பாலம், கோட்டைச் சுவர், மூடிய ரயில் நிலையம் எல்லாம் தீர்ந்துபோய், அன்று மிச்சமிருந்தது ஏரிக்கரையில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரி. அதை மூடி நாற்பது வருடம்.

"ஆறு நாள் ஆஸ்பத்திரி போதலையா? லீவு நாள்லயும் ஆஸ்பத்திரியா?" என்றாள் மனைவி.

"இதுல நோயாளி யாரும் இல்லம்மா. நிம்மதி."

மதியம் மூன்று மணி. முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்பில் அவருக்குக் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. நீளமான வார்டு. பக்கத்துக்கு நாலாகத் துருப்பிடித்த இரும்புக் கட்டில்கள். ஜன்னல்களைக் கொடி அடைத்திருந்ததால் உள்ளே பச்சையாக ஓர் இருட்டு. ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில், நாற்பது வருடத்தில் போயிருக்க வேண்டிய பினாயில் வாடை.

கட்டடத்தின் உயரம் படத்தில் தெரிய வேண்டுமானால் ஓர் ஆள் நிற்க வேண்டும். எல்லாப் படத்திலும் அந்த ஆள் மனைவிதான். பத்து வருடமாக அவள் சம்பாதித்த புகழ், ‘தூணில் பாதி உயரம் இருப்பவள்’ என்பதே. சொல்லாமலே போய் வார்டின் கடைசியில் நின்றாள்.

வெளிச்சம் குறைவு. கேமரா ஒரு நிமிடம் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதற்குள் அசைகிறவர் படத்தில் புகையாகக் கரைந்துபோவார். அசையாதவர் மட்டும் நிற்பார்.

பொத்தானை அழுத்தினார். ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்லிப் பழகிய வாய், அவரைக் கேட்காமலே சொன்னது:

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

"பொண்டாட்டிக்கு மரியாதையெல்லாம் பலமா இருக்கே! அடிக்கடி இங்க வரலாம் போல," என்று சிரித்தவள், விளையாட்டாக மூச்சை இழுத்தாள்.

வார்டு முழுக்க மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. காற்றாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்தபடியே கேமரா ஸ்டாண்டில் சாய்ந்து தூங்கிப்போனார்.

‘க்ளிக்’ என்ற சத்தத்தில் விழித்தார். கேமராவின் சின்னத் திரையில் படம் வந்தது.

மனைவி தெளிவாக நின்றாள்.

அவளுக்கு முன்னால், கட்டிலுக்கு ஒருவராக எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களும் தெளிவாக.

துளிக் கலங்கல் இல்லை. அப்படியென்றால் ஒரு நிமிடம் முழுக்க ஒருத்தரும் அசையவில்லை. இருபது வருட சர்வீஸில் இவ்வளவு ஒத்துழைத்த நோயாளிகளை அவர் பார்த்ததில்லை. தாடை உயர்ந்து, கைகள் இடுப்பில், தோள்கள் முன்னால் வளைந்து, நெஞ்சு புடைத்து. எக்ஸ்ரேவுக்கு நிற்கிற அதே நிலை.

நிமிர்ந்தார். வார்டு காலி. மனைவி மட்டும்.

அவளும் அப்படியேதான் நின்றாள். அப்படி நிற்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"சரி, வா போகலாம்."

வரவில்லை.

ஓடினார். காலி வார்டில், கூட்டமான பஸ்ஸில் நுழைந்து போவதுபோல் இரண்டு பக்கமும் தோள் இடித்தது. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்கள் மட்டும் அவரைக் கெஞ்சின. உலுக்கினார். கன்னத்தில் தட்டினார். உடம்பு கருங்கல்லாக இருந்தது.

"என்னம்மா ஆச்சு? ஏதாவது பேசும்மா!"

கண்கள் மேலே செருகின.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தூங்கிப்போனதில், இரண்டாவதாகச் சொல்ல வேண்டியதை அவர் சொல்லவே இல்லை.

வேலையில் சொல்கிற மாதிரியே, வார்டுக்கே சொன்னார்.

"முடிஞ்சுது. மூச்சு விடலாம்."

மனைவி இருமிக்கொண்டே அவர் மேல் சரிந்தாள். அவள் மூச்சு அவர் கழுத்தில் சூடாகப் பட்டது.

மற்ற எட்டும் சில்லென்று பட்டன.

ஸ்கூட்டர் பாதி வழி வந்திருந்தது. அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"கிளம்பறப்ப ஒருத்தர் என் காதுல கேட்டாருங்க."

"என்னன்னு?"

"ரிசல்ட் எப்ப வரும்னு."

ஸ்கூட்டர் ஒரு தடவை ஆடி நேரானது.

"நீ என்ன சொன்னே?"

"நீங்க போன்ல எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான். கேட்டுக் கேட்டுப் பழக்க தோஷம், வாய்ல வந்துடுச்சு. நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்குங்கன்னு."

திங்கட்கிழமை காலை ஏழரை. அவருடைய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. சுவரோரம் இருந்த நீள பெஞ்சின் ரெக்சின் மெத்தையில் மட்டும் எட்டு இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. வரிசையாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு.

அவர் கதவில் சாவியைத் திருப்பினார்.

முதல் பள்ளம் மெல்ல எழும்பிச் சமமானது.