புழுதிப் பகலில் மூன்று விளக்குகள்

அன்றைய நண்பகல் சோதனைக்கு வந்திருந்தவர்கள்: செவ்வாய்க் குடியிருப்பின் சாலை ஆணையர் மார்த்தாண்டன், வீடு வீடாக ஆக்சிஜன் குப்பி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரி அஞ்சுகம், அவளுடன் தொழில் பார்க்கும் ஜெபக்கனி, சரக்கன் எனப்படும், தானே ஓடும் பதினாறு சக்கர லாரி ஒன்று. யார் சாலையில் போகலாம் என்று தீர்ப்புச் சொல்வது சரக்கன்தான். மனிதர்கள் சொன்ன காலத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

புழுதிப் பருவத்தில் அங்கே பகலும் இருட்டு. சரக்கன்களின் கண்ணில் படவேண்டும் என்று இருசக்கரக்காரர்கள் போட்டி போட்டுப் பெரிய விளக்கு மாட்டினார்கள். வெளிச்சம் புழுதியில் சிதறிச் சரக்கன்களின் விழியுணரிகளைக் குருடாக்கியது. மோதல்கள் கூடின. இன்று தேறாவிட்டால் இருசக்கர வண்டிக்கே தடை. அஞ்சுகத்துக்கு வேறு பிழைப்பு இல்லை.

"என்னடி, மின்மினிப்பூச்சி மாதிரி கெளம்பிட்ட?" தலைக்கவச வானொலியில் ஜெபக்கனி சிரித்தாள்.

"வாய மூடிட்டுப் பாரு."

முன்விளக்கைத் தரை பார்க்கத் தாழ்த்தியிருந்தாள் அஞ்சுகம். முன்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாக இரண்டு மஞ்சள் விளக்குகள். ஒற்றை விளக்கு எவ்வளவு தொலைவில் வருகிறது என்று எந்தக் கண்ணுக்கும் எளிதில் பிடிபடாது. மூன்று புள்ளிகள் முக்கோணமாக விரிந்துகொண்டே வந்தால், நெருங்குவது வண்டி என்று புரிந்துவிடும்.

எதிரே சரக்கன் மலைபோல வந்தது. விளக்கை உயர்த்தக் கட்டைவிரல் துடித்தது. அடக்கிக்கொண்டாள். சரக்கன் வெகு முன்பே ஒதுங்கி, தன் விளக்கையும் தாழ்த்தியது.

"தெரிந்தது. தொலைவும் தெரிந்தது. கூசவில்லை. தேர்ச்சி."

ஜெபக்கனி போட்ட கூச்சலில் எல்லோர் காதும் அடைத்தது.

"இரு, இரு. நான் எதிர்ல வந்து பாக்குறேன்," என்று மார்த்தாண்டன் தன் ஜீப்பில் ஏறினார். சரக்கன் திரும்பி அஞ்சுகத்தின் பின்னால் வந்தது. ஜீப் முழு விளக்கையும் போட்டு, அணைத்து அணைத்து மிரட்டியபடி பாய்ந்து வந்தது. எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சரக்கன் குருடாகி நின்றுவிட்டது. அஞ்சுகம் மட்டும் தன் தாழ்ந்த வெளிச்சத்தில் சாலை ஓரத்தைப் பிடித்து, நிதானமாகக் கடந்துபோனாள்.

"எதற்கு முழு விளக்கு?" என்று கேட்டது சரக்கன்.

"நான் வர்றது தெரிய வேணாமா? பூமியில எல்லாரும் இப்படித்தான் ஓட்டுவோம்."

"எதிரில் வருபவருக்குக் கண் தெரியாவிட்டால், அவர் உங்கள்மேல்தானே வந்து மோதுவார்? அங்கே ஒருவருக்கும் இது தோன்றவில்லையா?"

ஆணையர் முழு விளக்கை அணைத்தார்.

"தடை உண்டு," என்றது சரக்கன். "உங்களுக்கு."

ஜீப் அங்கேயே நின்றது. வீடு திரும்ப அவருக்குச் சரக்கனின் சரக்கறைதான் மிச்சம்.

"ஏறுங்க சார்," என்றாள் ஜெபக்கனி. "உள்ள லைட்டே கெடையாது. கண்ணு கூசாது."

அஞ்சுகம் மூன்று விளக்குகளோடு முன்னால் கிளம்பினாள். அவள் பின்னால் போகச் சரக்கன் உறுமியது. மார்த்தாண்டன் உர மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது.