அடுப்புச் சாம்பல்

காற்று அவ்வளவு பலமாக அடித்தும் சாம்பல் பறக்கவில்லை. ரொவீனா ஜாடியைச் சாய்த்ததும் ஈர மணலைப் போலக் கனத்து, சரசரவென்று குழிக்குள் இறங்கியது.

அந்தத் தேவாலயத் தோட்டத்தில் ஜாடியோடு புதைக்க விடமாட்டார்கள். புல்லைச் சதுரமாக வெட்டி மூடிபோல எடுத்துவைத்து, அஸ்தியை வெறும் மண்ணில் கொட்டி, அதே புல்லால் மூட வேண்டும். மாமியார் வினிஃப்ரெட் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான், புருஷன் பக்கத்தில் இடம். அதைக்கூடக் கொடுக்க ரொவீனாவுக்கு மனசில்லை. கிழவியின் அஸ்தி காலையிலேயே உருளைக்கிழங்குத் தோலோடு குப்பை லாரியில் ஏறிவிட்டது. ஜாடியில் இருந்தது வீட்டு விறகடுப்பின் சாம்பல். அந்த மூஞ்சிக்கு அது போதும்.

"அம்மாவ அப்பாகிட்ட சேத்துட்டோம், ரோ," என்றான் கணவன் கிளைவ், மூக்கைச் சிந்தியபடி. ஐம்பது வயசுத் தடியன், அழுகிறான்.

பாதிரியாரம்மா ஹானர் புல்லை மூடி அழுத்தினார். அது எழும்பி நின்றது.

"பரவால்ல, மழை பெஞ்சா அமுங்கிரும்," என்றார்.

"செத்தும் அடங்கல பாரு," என்று முணுமுணுத்து, ரொவீனா குதிகாலால் ஓங்கி மிதித்தாள். செருப்பையும் தாண்டி ஒரு சூடு காலில் ஏறியது.

சாயங்காலம் வீடெங்கும் ஈரக் களிமண் வாடை. அடுப்போரம் கிழவியின் நாற்காலி. மூன்று வருஷம் அதில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே பாட்டு: "அடுப்பு மூட்டக்கூடத் துப்பில்ல, இவளப் போயி கட்டிக்கிட்டு வந்திருக்கான்." இனி யார் சொல்வது என்று சிரித்துக்கொண்டே தீக்குச்சிப் பெட்டியை எடுத்தாள்.

அடுப்புக்குள் ஏதோ பிறாண்டியது.

எலியாக இருக்கும். இல்லை. எலி இவ்வளவு நிதானமாகப் பிறாண்டாது.

"கிளைவ், அடுப்பத் தொட்டியா?"

"இல்லையே," என்றான் மாடியிலிருந்து. "அம்மா இடமாச்சே, எனக்கு அங்க வரவே மனசு வரல."

பயமாக இருந்தது. கிழவிக்குப் பயப்படுவதா? அடுப்புக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பற்றவைக்காத அடுப்பு. இரும்பு சுட்டது.

திறந்தாள்.

காலையில் அவள் வழித்துத் துடைத்த சாம்பல் தட்டில், பச்சைப் புல். சதுரமாக. அதன் நடுவில் அவள் குதிகால் தடம்.

தடம் மெல்ல மேலே எழும்பியது.